நாகப்பட்டினமும் கடாரமும்

நாகப்பட்டினத்துக்கு நேர் கிழக்கே, சற்றுத் தெற்கே சாய்ந்து, வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடந்தால் மலாய் தீபகற்பத்தின் மேற்குக் கரை வரும். கடல்வழியில் தூரம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அக்கரையில் 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை, கரை தெரிவதற்கு முன்பே மாலுமிகளுக்குத் தெரிந்துவிடும். அதன் அடிவாரம்தான் தமிழர் கடாரம் என்றும் கிடாரம் என்றும் அழைத்த நாடு. இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம். தென்மேற்குப் பருவக்காற்றில் பாய் விரித்துப் போய், வாடைக்காற்று எழுந்தபின் திரும்பி வருவது பாய்மரக் காலத்து வழக்கம். காற்று மாறும்வரை அக்கரையில் தங்கியே ஆகவேண்டும். அந்தத் தங்கலிலிருந்துதான் அங்கே கோயிலும் குளமும் வணிகர் குடியிருப்பும் தோன்றின. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்குக் காழகத்திலிருந்து பொருள் வந்ததைச் சொல்கிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காழகத்தைக் கடாரம் என்றே கொண்டார்.

இவ்வழி இரண்டு அரசுகளுக்கு இடையிலான உறவாக எழுத்தில் பதிவானது முதலாம் ராஜராஜன் காலத்தில். கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட சைலேந்திர குலத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்தப் பள்ளி எழுப்பத் தொடங்கினான். அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் தந்தையின் பெயரால் அதை முடித்தான். அதுவே சூளாமணி விகாரம். ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1005–06இல், தஞ்சாவூர்ப் புறம்படி மாளிகையில் இருந்தபடி, நாகைக்கு அருகிலுள்ள ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை இப்பள்ளிக்குப் பள்ளிச்சந்தமாக விட்டுக்கொடுத்தான். இதைச் சொல்லும் செப்பேடு 21 ஏடுகள் கொண்டது: 5 ஏடுகள் வடமொழியில், 16 ஏடுகள் தமிழில்.

வடமொழிப் பகுதி குலப்பெருமை பாடுகிறது. தமிழ்ப் பகுதி ஒரு நிலப்பத்திரத்தைப் போல நடக்கிறது. அரசன் வாயால் சொன்னது ஓலையில் ஏறுகிறது. புரவுவரி அதிகாரிகள் கணக்கைச் சரிபார்க்கிறார்கள். சுற்றுவட்டார ஊர்களின் சபையாரும் ஊராரும் கூடுகிறார்கள். பெண் யானையை நடத்தி எல்லை வளைத்து, கல்லும் கள்ளியும் நடுகிறார்கள். எல்லையில் உள்ள வாய்க்கால், வரப்பு எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன. நிலம் ஏறத்தாழ 97 வேலி. அதிலிருந்து ஆண்டுக்குப் பள்ளிக்குச் சேரவேண்டிய நெல் 8,943 கலத்துக்குச் சற்று மேல். கடல் கடந்த அரசன் ஒருவனோடு சோழ அரசு கொண்ட நட்பு, காவிரிப் பாசனத்து உழவர் அளந்த நெல்லில்தான் நின்றது. சைவ அரசன் ஒருவன், வைதிகச் சபைகள் நிறைந்த நாட்டில், அயல்நாட்டு அரசன் எழுப்பிய பௌத்தப் பள்ளிக்கு ஓர் ஊரையே ஒதுக்கியதன் பொருளும் இங்கேதான் விளங்குகிறது. நாகைக்கு வந்து தங்கும் கடாரத்து வணிகருக்கும் மாலுமிகளுக்கும் வழிபட ஓர் இடம் இருந்தால் துறைமுகம் செழிக்கும், சுங்கம் பெருகும்.

கடாரத்து அரசின் தரப்பும் இதே அளவு விவேகத்தோடு நடந்துகொண்டது. ராஜேந்திரன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில், அவ்வரசனின் முகவர்கள் நாகைக் காரோணத்துச் சிவன் கோயிலுக்கு அணிகலனும் விளக்கும் பொன்னும் கொடுத்ததை அக்கோயில் கல்வெட்டுகள் பதிவு செய்துள்ளன. கொடுத்த பொன் சீனக்கனகம் என்று குறிக்கப்படுகிறது. அந்த ஒரு சொல் அக்கால வணிகத்தின் முழு அமைப்பையும் காட்டிவிடும். சீனத்துக்கும் சோழநாட்டுக்கும் நடுவே மலாக்கா நீரிணை இருக்கிறது. நீரிணையின் சாவி ஸ்ரீவிஜயத்தின் கையில் இருந்தது. சூளாமணிவர்மன் 1003இலும் அவன் மகன் 1008இலும் சீனத்துக்குத் தூது அனுப்பினர். சோழரின் முதல் தூது சீனத்தை அடைந்தது 1015இல். ஒரே சந்தையை நாடிய இருவருக்கு இடையே உரசல் வர அதிக காலம் ஆகவில்லை.

1025இல் ராஜேந்திரனின் கடற்படை கடாரம், ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தக்கோலம் முதலிய துறைகளைத் தாக்கியது. அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டான். இப்படையெடுப்பின் நினைவே தமிழ்நாட்டில் பெரிதாக நிற்கிறது. கடாரம் கொண்டான் என்ற விருதுப் பெயரை அறியாதவர் இல்லை. ஆனால் படையெடுப்பு ஒரு பருவத்துச் செய்தி. அதற்கு முன்னும் பின்னும் நீண்டிருந்த உடன்பாடுதான் நூறாண்டு வரலாறு. பேசத் தகுந்தது அதுவே. போருக்குப் பிறகும் ஆனைமங்கலத்து நெல் நிறுத்தப்பட்டதாகச் சான்று இல்லை. நிறுத்தப்படவில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது.

அந்தச் சான்று முதலாம் குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சியாண்டான 1090ஐச் சேர்ந்த மூன்று ஏடுகள். கடாரத்து அரசனின் தூதர்களாக ராஜவித்யாதர ஸ்ரீசாமந்தன், அபிமானோத்துங்க ஸ்ரீசாமந்தன் என்ற இருவர் வந்து, ஆயிரத்தளி அரண்மனையில் இருந்த குலோத்துங்கனிடம் விண்ணப்பம் செய்தனர். பள்ளிச்சந்த ஊர்களுக்கு அந்தராயம், பன்மைப் பண்டவெட்டி, குந்தாலி, சுங்கமேரா போன்ற வரிகளிலிருந்து விலக்கு வேண்டும். அதைச் செப்பேடாகவும் தரவேண்டும் என்பது விண்ணப்பம். அரசன் இசைந்தான். பழைய கொடை ஒன்று 85 ஆண்டுகளுக்குப் பிறகு புதுப்பிக்கப்படுகிறது. தூதர்களின் பெயர், கோரிக்கை, எந்தெந்த வரி நீங்குகிறது என்ற விவரம் எல்லாம் எழுத்தில் நிற்கின்றன. இரண்டு அரசுகளுக்கு இடையிலான வரிச் சலுகை ஒப்பந்தம் என்று இன்று எதைச் சொல்வோமோ அதன் எல்லா உறுப்புகளும் இதில் உண்டு. சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் பெற்ற அரசனின் காலத்தில் இது நடந்தது தற்செயல் அல்ல.

அரசர்கள் எழுதிக்கொடுத்ததை வணிகர் கணங்கள் நடத்திவைத்தன. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் 1088இல் சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸில் ஒரு தமிழ்க் கல்வெட்டு நட்டனர். அதற்கும் இருநூறாண்டுக்கு முன்பே, இன்றைய தாய்லாந்தின் தகுவாபாவில் தமிழர் தோண்டிய குளம் ஒன்று மணிக்கிராமத்தார் காவலில் இருந்தது. சீனரும் நாகைக்கு வந்தனர். 1267இல் இங்கே சீன எழுத்துப் பொறித்த செங்கல் கோபுரம் ஒன்று எழுந்ததைச் சீனப் பயணக் குறிப்பு சொல்கிறது. நாகையில் பின்னாளில் மூன்று தட்டுகளோடு நின்ற பாழடைந்த கோபுரத்தை ஐரோப்பியர் சீனக் கோபுரம் என்றே அழைத்தனர். அது 1867இல், அரசின் அனுமதியோடு, ஏசுசபையினரால் இடிக்கப்பட்டது. எண்ணூறாண்டு உறவின் கட்டடச் சான்று அன்றோடு மண்ணானது. தமிழ்நாட்டுத் தொல்பொருள் வரலாற்றில் பெரிய இழப்புகளில் ஒன்று அது. வெளிப்பாளையம் பகுதியில் 1856 முதல் தோண்டக் கிடைத்த, 300க்கும் மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள் மட்டும் மிஞ்சின. அவற்றுள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

போர்த்துக்கீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தபின் நாகையிலும் குடியேறினர். டச்சுக்காரர் 1641இல் மலாக்காவையும் 1658இல் நாகையையும் அவர்களிடமிருந்து கைப்பற்றினர். 1690இல் சோழமண்டலக் கரையின் டச்சுத் தலைமையகம் பழவேற்காட்டிலிருந்து நாகைக்கு மாறியது. சாயத்துணி கிழக்கே போனது. அத்துணியைக் கொடுத்தே நறுமணப் பொருள் வாங்கப்பட்டது. ஆனைமங்கலச் செப்பேடுகளும் டச்சுக்காரர் காலத்தில்தான் கடல் கடந்தன. 19ஆம் நூற்றாண்டில் அவை நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1781இல் ஆங்கிலேயர் நாகையைப் பிடித்தனர்.

அதன்பின் ஐந்தாண்டுக்குள், 1786இல், கெடா சுல்தானுக்கு உரிய பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடி ஏறியது. நாகைக்கும் நாகூருக்கும் இது பழைய கடாரத்து வழியின் மறுபிறப்பு. நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டைக் கரைகளின் முஸ்லிம் கப்பல் வணிகர்கள் ஏற்கெனவே கெடாத் துறைகளில் வணிகம் செய்து வந்தவர்கள். இப்போது பினாங்கின் சூலியா தெருவில் கடை விரித்தனர். சூலியா என்பது அக்கரையில் சோழமண்டலத்து முஸ்லிம்களுக்கு வழங்கிய பெயர். 1801இல் அவர்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அந்நகரின் அடையாளம். நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாகப் பினாங்கில் ஒரு தர்கா எழுந்தது. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828–1830இல் மற்றொன்று எழுந்தது. கடலில் இறங்குமுன் நாகூரில் நேர்ந்துகொண்டவர்கள், கரை சேர்ந்தபின் நன்றி செலுத்த அங்கேயே ஓர் இடம் அமைத்துக்கொண்டார்கள். சூளாமணி விகாரத்தை எழுப்பிய தேவையும் இதுவே. திசை மட்டும் மாறியிருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்து வணிகத்தின் சரக்கு எளிமையானது. நாகையிலிருந்து கைலியும் சாயத்துணியும் ஆடுமாடும் புகையிலையும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போயின. அங்கிருந்து முதன்மையாக வந்தது கொட்டைப்பாக்கு. பினாங்கு என்ற பெயரே மலாய் மொழியில் பாக்கைக் குறிப்பது. காவிரி டெல்டாவின் அரிசி பெரும்பாலும் இலங்கைக்கே போனது. மலாயாவுக்கு அரிசி கொடுத்தவை பர்மாவும் சயாமும். தஞ்சை மாவட்டம் மலாயாவுக்குக் கொடுத்தது, அந்த அரிசியை விளைவித்த மக்களை.

1861–62இல் நாகையிலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு ரயில் பாதை போடப்பட்டது. தென்னகத்தின் பெரிய ரயில் கம்பெனி ஒன்று இந்தச் சிறு துறைமுகத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியதற்குக் காரணம், பாதையின் மறுமுனை கடலில் இருந்ததுதான். துறைமுகத்துக்குக் கப்பல் அணையும் தளம் கிடையாது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிடும். கடுவையாற்றின் முகத்திலிருந்து படகில் ஆளையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு அலையைக் கடந்து கப்பலுக்குப் போகவேண்டும். மழைக்காலத்தில் அது உயிரைப் பணயம் வைத்த வேலை.

பினாங்குக்கு எதிர்க்கரையில் இருந்த வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கும், பிறகு காப்பி, ரப்பர்த் தோட்டங்களுக்கும் தேவைப்பட்ட ஆட்கள் இவ்வழியே போனார்கள். முதலில் ஒப்பந்தக் கூலி முறை. அது மலாயாவில் 1910இல் நீக்கப்பட்டது. அதோடு வளர்ந்து அதற்குப் பின்னும் நீடித்தது கங்காணி முறை: தோட்டத்திலிருந்து அனுப்பப்படும் கங்காணி தன் சொந்த ஊருக்கே வந்து, உறவையும் சாதியையும் முன்வைத்து ஆள் சேர்ப்பான். நிலமில்லாப் பண்ணையாட்கள் நிறைந்த தஞ்சை மாவட்டத்தில் அவனுக்கு ஆள் கிடைப்பது கடினமாக இல்லை. பண்ணையாரிடம் பட்ட கடனிலிருந்து தப்ப வேறு வழி அந்த மக்களுக்கு இல்லை என்பதே இந்தப் பெயர்ச்சியின் முதல் காரணம். நாகையை அடுத்த பாப்பாகோவில் முகாமில் தங்கவைத்து, அம்மை குத்தி, கப்பல் ஏற்றுவார்கள். பினாங்கில் ஜெரெஜாக் தீவில் தனிமை முகாம். அதைக் கடந்தபின்தான் தோட்டம்.

ஆள் போகும் வழி என்பதால், இது இரண்டு அரசுகள் பேசித் தீர்க்கவேண்டிய பொருளாகவும் ஆனது. தோட்ட முதலாளிகளிடம் தலைவரி வாங்கி, ஆட்களின் பயணச் செலவைக் கொடுக்க 1907இல் மலாயாவில் ஒரு குடியேற்ற நிதி ஏற்பட்டது. இந்தியாவில் 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்ச்சிச் சட்டத்துக்குப் பிறகு, இந்திய அரசின் முகவர் ஒருவர் மலாயாவில் அமர்ந்து கூலியையும் நடத்தும் முறையையும் கவனித்தார். 1936 இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி அங்கு சென்று தோட்டங்களைப் பார்த்து, 1937இல் அறிக்கை அளித்தார். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள வலங்கைமானில் பிறந்தவர் அவர். தோட்டங்களில் அவர் கண்ட மக்களில் பலர் அவர் ஊர்ப் பக்கத்துக்காரர்கள். அடுத்த ஆண்டு ரப்பர் விலை சரிந்து கூலி குறைக்கப்பட்டபோது, இந்திய அரசு உதவிப் பயணத்தில் ஆள் அனுப்புவதை 1938 ஜூனில் தடை செய்தது. அடிமைப்பட்ட நாட்டின் அரசாக இருந்தும், தன் மக்களின் கூலிக்காக மற்றோர் ஆங்கில ஆட்சிப் பகுதியோடு மோதிய இச்செயல் மறக்கத்தக்கதன்று.

விடுதலைக்குப் பின் இவ்வுறவு இரண்டு மக்களாட்சி நாடுகளின் உறவாயிற்று. மலாயா இந்தியக் காங்கிரஸின் முதல் தலைவர் ஜான் தீவி, 1947இல் இந்திய அரசின் பிரதிநிதியாக மலாயாவில் நியமிக்கப்பட்டார். மலாயாவின் அரசமைப்பை வரைந்த ரீட் ஆணையத்தின் ஐந்து உறுப்பினரில் ஒருவர், அலகாபாத் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த பி. மாலிக். 1957 ஆகஸ்ட் 31இல் மலாயா விடுதலை பெற்றது. 1962இல் இந்திய–சீனப் போர் மூண்டபோது, பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் வெளிப்படையாக இந்தியாவின் பக்கம் நின்று, மக்களாட்சியைக் காக்கும் நிதி என்ற பெயரில் மலாயாவில் பணம் திரட்டினார். மறு ஆண்டு மலேசியா உருவாகி, இந்தோனேசியா அதை எதிர்த்து மோதலில் இறங்கியபோது, இந்தியா மலேசியாவை ஆதரித்தது. 1965 இந்திய–பாகிஸ்தான் போரின்போது ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் மலேசியாவின் பிரதிநிதி ஆர். ராமானி பேசியது இந்தியச் சார்பானது என்று கருதிய பாகிஸ்தான், மலேசியாவோடு தூதரக உறவையே முறித்தது. நட்புக்காக ஒரு நாடு இந்த அளவு விலை கொடுப்பது அரிது.

இதே ஆண்டுகளில் நாகைக்கும் பினாங்குக்கும் இடையே கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக 1926இல் கட்டப்பட்ட ரஜூலா, சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு போய்வந்தது. தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. உடன் கட்டப்பட்ட ரோனா 1943இல் போர்ப்பணியில் மத்தியதரைக் கடலில் மூழ்கியது. போரிலிருந்து மீண்டு வந்த ரஜூலாவில்தான் டெல்டாவின் பல குடும்பங்கள் போயின, வந்தன, கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் திரும்பின. 1968இல் மலேசியா குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கியது. தோட்டத்திலேயே ஆயுளைக் கழித்த பல்லாயிரம் தமிழர் மூட்டையோடு இவ்வழியே திரும்ப நேர்ந்தது. இரண்டு அரசுகளின் நட்பு உச்சத்தில் இருந்த காலத்தில் இது நடந்தது என்பது, அந்நட்பின் கணக்கில் இம்மக்கள் எங்கே வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதைக் காட்டுகிறது. பின்னாளில் ரஜூலாவின் இடத்துக்கு இந்தியக் கப்பல் கழகத்தின் சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் இறந்தனர். விமானக் கட்டணம் ஏற்கெனவே எட்டும் நிலைக்கு வந்திருந்தது. கப்பல் மீண்டும் ஓடவில்லை.

அதன்பின் உறவு தலைநகரங்களில் வளர்ந்தது. ஆசியான் நாடுகளோடு இந்தியா செய்த சரக்கு வணிக உடன்பாடு 2010 ஜனவரியிலும், மலேசியாவோடு தனியே செய்த விரிவான பொருளாதார ஒத்துழைப்பு உடன்பாடு 2011 ஜூலையிலும் நடைமுறைக்கு வந்தன. 2023இல் ரூபாயிலேயே வணிகக் கணக்கைத் தீர்க்க வழி செய்யப்பட்டது. 2023–24இல் இருநாட்டு வணிகம் ஏறத்தாழ 2,000 கோடி டாலர். 2024 ஆகஸ்டில் பிரதமர் அன்வர் இப்ராகிம் டெல்லி வந்தபோது உறவு விரிவான உத்திசார் கூட்டாண்மை என்ற நிலைக்கு உயர்ந்தது. மலேசியாவிலிருந்து வரும் முதன்மைப் பொருள்களில் ஒன்று பாமாயில். தமிழ்நாட்டு ரேஷன் கடை வரை அது வருகிறது. தமிழர் நட்ட ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை வைத்த தோட்டங்கள் அங்கே ஏராளம். போகும் பொருள்களில் அரிசி உண்டு: 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தபோதும், அக்டோபரில் மலேசியாவுக்கு 1,70,000 டன் அனுப்ப விலக்கு அளிக்கப்பட்டது.

இந்த வணிகத்தில் நாகப்பட்டினத்துக்குப் பங்கு அனேகமாக இல்லை. கொள்கலன் கப்பல்களுக்கு ஏற்ற ஆழம் இல்லாத துறை அது. இங்கிருந்த ரயில் பணிமனையும் 1928லேயே திருச்சியின் பொன்மலைக்குப் போய்விட்டது. பயணிகள் கப்பல் மீண்டும் புறப்பட்டது 2023 அக்டோபர் 14இல், இலங்கையின் காங்கேசன்துறைக்கு. செரியபாணி என்ற 150 இருக்கைப் படகு அது. வடகிழக்குப் பருவமழையால் சில நாள்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. அது நாகையிலிருந்து தெற்கே திரும்புகிறது. கிழக்கே பினாங்கு வழி 1985க்குப் பின் பயணிகளுக்குத் திறக்கப்படவில்லை.